நீ கையெழுத்துப் போடுவதற்கு முன்

அப்பு,

நாளைக் காலையில் உன்னை ரயிலில் ஏற்றிவிட்டு, வண்டி நகரும்போது ஜன்னல் வழியாக இந்தக் கவரை உன் மடியில் போடுவதாக இருக்கிறேன். வீட்டில் வைத்துக் கொடுத்தால் உடனே பிரித்துப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாய். அதைத் தாங்கும் தைரியம் எனக்கு இல்லை. முப்பது வருஷம் வகுப்பில் நின்று பேசியவளுக்கு, உன் எதிரில் உட்கார்ந்து ஒரு விஷயத்தைச் சொல்ல ஒரு மாதமாக வாய் வரவில்லை. திங்கட்கிழமை நீ அந்தப் பெரிய ஆடிட் கம்பெனியில் பயிற்சி மாணவனாகச் சேர்ந்து கையெழுத்துப் போடப்போகிறாய். அதற்கு முன் உனக்குத் தெரிய வேண்டியது ஒன்று இருக்கிறது. நான் உன்னிடம் மறைத்தது. அதை மட்டும் நாலு வரியில் எழுதி நீட்டினால் நான் தப்பித்துக்கொண்ட மாதிரி இருக்கும். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். வண்டி திருச்சி போய்ச் சேர்வதற்குள் படித்து முடித்துவிடலாம்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்தவன் நீ. இதை நான் பெருமையாகவோ பாரமாகவோ உன்னிடம் சொன்னதில்லை. ஆனால் நான் செய்த பல காரியங்களுக்கு அதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. நீ எங்கேயும் காத்து நிற்கக் கூடாது, எதற்கும் தட்டித் தடுமாறக் கூடாது என்று ஒரு பதற்றம் எனக்குள் எப்போதும் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் பதற்றத்துக்கு என்னிடம் ஒரு மருந்தும் இருந்தது. அதுதான் என் பழைய மாணவிகளும் மாணவர்களும். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு எத்தனை வரிசைகளில் நின்றிருப்பாய் என்று யோசித்துப் பார். எந்த வரிசையிலாவது கடைசி வரை நின்றிருக்கிறோமா? செத்த நேரத்தில் உள்ளேயிருந்து யாராவது எழுந்து வந்து, "டீச்சர், நீங்க ஏன் இங்க நிக்கிறீங்க, உள்ள வாங்க" என்று கூப்பிட்டுவிடுவார்கள். பஸ்ஸில் ஏறினால் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். உன் அப்பா சித்தையன்கோட்டைத் தோப்பிலிருந்து வந்து வண்டியை நிறுத்தும்போதே கேட்பார், "இன்னைக்கு எந்த பிராஞ்சுல வேல முடிஞ்சது டீச்சரம்மா? ஜில்லா முழுக்கல்ல கட திறந்து வச்சிருக்க." நான் சிரித்துக்கொள்வேன். இதை நான் சிபாரிசு என்று நினைத்ததே இல்லை. மரியாதை என்றுதான் நினைத்தேன். நான் சம்பாதித்த மரியாதை என் பிள்ளைக்கு உதவினால் என்ன தப்பு என்று இருந்தேன்.

நீ அப்படி இருக்கவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும். ஆறாம் வகுப்பில் நீ ஒரு பேச்சுப் போட்டிக்குப் போனாய். நடுவராக வந்திருந்தவள் என்னிடம் படித்தவள். எனக்கே அங்கே போன பிறகுதான் தெரியும். பாதிப் பேச்சில் உனக்கு மறந்துவிட்டது. மேடையில் நின்று கூரையைப் பார்த்தாய், தரையைப் பார்த்தாய், பிறகு "நன்றி வணக்கம்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாய். உனக்கு இரண்டாம் பரிசு. ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். வீட்டுக்கு வந்ததும் அதை மேசையில் வைத்துவிட்டு, "அம்மா, நான் பாதியிலயே நின்னுட்டேன்ல, அப்புறம் ஏன் குடுத்தாங்க?" என்று கேட்டாய். "பேசின வரைக்கும் நல்லா பேசுன அப்பு" என்று நான் சொன்னேன். நீ அந்த டிபன் பாக்ஸில் ஒரு நாள்கூடச் சாப்பாடு எடுத்துப் போகவில்லை. மூடி வளைந்த பழைய டப்பாவைத்தான் கொண்டுபோனாய். பிள்ளைக்குப் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டேன். கேள்வி கேட்ட பிள்ளைக்கு நான் பதில் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சி.ஏ. படிப்பில் நீ பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். இண்டர் தேர்வில் முதல் தடவை ஒரு குரூப் போனபோது நீ அழவில்லை. புத்தகங்களை அட்டை போட்டு மறுபடி அடுக்கினாய், அவ்வளவுதான். இரண்டாவது தடவை அந்தக் குரூப்பும் பாஸானதும், இரண்டு வருஷப் பயிற்சியை எங்கே செய்வது என்ற பேச்சு வந்தது. நம் ஊர் ஆடிட்டர் ஆபீஸில் ஓர் இடம் இருந்தது. உன் அப்பாவுக்கு அதுதான் விருப்பம், வீட்டுச் சாப்பாடு கிடைக்குமே என்று. நீ மட்டும் அந்தப் பெரிய கம்பெனி என்றாய். ஏன் என்று கேட்டதற்கு, "இங்க ஒரு கடையோட கணக்கப் பாப்பேன்மா. அங்க போனா ஒரு தொழிற்சாலை எப்படி நடக்குதுன்னே பாக்கலாம்" என்றாய். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. எங்கெங்கோ இருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் எழுதிப் போடுவார்கள், திண்டுக்கல்லில் இருந்து போகும் உன்னை யார் பார்க்கப்போகிறார்கள் என்ற பயமும் அப்போதே எனக்குள் வந்துவிட்டது.

கம்ப்யூட்டரில் தேர்வு எழுதினாய். அடுத்து, எட்டுப் பேர் சேர்ந்து வீடியோவில் விவாதிக்கும் சுற்று. மேலே வெள்ளைச் சட்டையும் டையும், கீழே கைலியும் கட்டிக்கொண்டு நீ உட்கார்ந்திருந்த காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது. சரியாக அந்த நேரம் பார்த்துக் காய்கறி வண்டி மைக்கில் கூவிக்கொண்டே தெருவுக்குள் வந்தது. உன் அப்பா செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். வண்டிக்காரரைத் தெருமுனையிலேயே மறித்து, மைக்கை அணைக்கச் சொல்லி, அரை மணி நேரம் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசினார். "அண்ணே, வாங்கப் போறீங்களா இல்ல பேசப் போறீங்களா" என்று அந்த மனிதர் கேட்டாராம். "என் மகன் உள்ள பேசி முடிக்கிற வரைக்கும் நான் வெளிய பேசணும் தம்பி" என்றாராம் இவர். கடைசியில் ஆறு கட்டு வாங்கி வந்தார். ஒரு வாரம் வீட்டில் சோற்றுக்கு முருங்கைக்காய்தான் வெஞ்சனம். அந்தச் சுற்றில் நீ தேறினாய்.

நேர்முகத்துக்குக் கூப்பிடுவதற்கு முன் ஒரு படிவம் வந்தது. நீ கூடத்தில் உட்கார்ந்து நிரப்பிக்கொண்டே என்னிடம் கேட்டாய், "அம்மா, நமக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் அந்தக் கம்பெனில இருக்காங்களா?" நான் அரிசி களைந்துகொண்டே, "இல்ல அப்பு, நமக்கு யாரு இருக்கா அங்க" என்றேன். அது உண்மை. அன்றைக்கு எனக்குத் தெரிந்த உண்மை. நீ "இல்லை" என்று குறித்து அனுப்பினாய்.

மூன்று நாள் கழித்து வடமதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த என் பழைய மாணவி ஒருத்தி, "டீச்சர், நம்ம வசந்தி இப்ப மெட்ராஸ்ல பெரிய வேலைல இருக்கா, தெரியுமா?" என்று சொல்லிக் கம்பெனியின் பெயரையும் சொன்னாள். உன் கம்பெனி. நான் செய்திருக்க வேண்டியது, வீட்டுக்கு வந்து, "அப்பு, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி அங்க இருக்காளாம், படிவத்தைத் திருத்திரு" என்று சொல்வது. நான் செய்தது, வசந்தியின் நம்பரை அங்கேயே வாங்கிக்கொண்டது.

வசந்தியைப் பற்றி உனக்கு அதிகம் தெரியாது. அய்யலூர்ப் பள்ளியில் நான் இருந்தபோது பத்தாம் வகுப்பில் படித்தாள். சந்தை நாளில் அவள் வகுப்புக்கு வரமாட்டாள். வீட்டில் ஆடுகள். அவள் அப்பாவுக்கு ஆட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆள் வேண்டும். ஒரு சந்தை நாள் நானே சந்தைக்குப் போய்விட்டேன். இரண்டு கிடாய்களின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, கக்கத்தில் அறிவியல் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு நின்றாள். அவள் அப்பாவிடம் அரை மணி நேரம் மன்றாடினேன். "டீச்சரு, நீங்க வேணா கயித்தப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, அவ பள்ளிக்கூடம் போகட்டும்" என்று விளையாட்டுக்குச் சொன்னார். நான் கயிற்றை வாங்கிக்கொண்டேன். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் அவளைச் சந்தைக்குக் கூப்பிடவில்லை. அவள் படித்தாள். நல்ல மார்க் வாங்கினாள். நான் வேறு பள்ளிக்கு மாறியதும் தொடர்பு விட்டுப்போனது.

அப்படிப்பட்டவளுக்குத்தான் போன் போட்டேன். பேசியதை ஒரு வார்த்தை விடாமல் உனக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும்.

"டீச்சர், உங்க குரல் அப்படியே இருக்கு. எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன்டி. நீ அம்புட்டு ஒசரத்துக்குப் போயிட்டியாமே."

"ஒசரம்லாம் ஒண்ணும் இல்ல டீச்சர். பன்னெண்டாவது மாடி."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான், "என் மகன் உங்க கம்பெனிக்குத்தான் எழுதிப் போட்டிருக்கான். அடுத்த வாரம் இண்டர்வியூ. செத்த பாத்துக்கம்மா" என்றேன்.

"டீச்சர், தம்பி பேரச் சொல்லாதீங்க."

"ஏன்டி?"

"நீங்க போன் பண்ணத நான் ஆபீஸ்ல சொல்லியாகணும் டீச்சர். அது ரூல். பேரும் தெரிஞ்சா அதையும் சொல்லணும்."

நான் உன் பெயரைச் சொன்னேன். இனிஷியலோடு.

அவள் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. நான் எத்தனையோ இடங்களில் இதைக் கேட்டிருக்கிறேன். முதலில் ரூல் சொல்வார்கள், கொஞ்சம் தயங்குவார்கள், பிறகு "சரி டீச்சர், உங்களுக்காக" என்பார்கள். இவளும் முதல் பாதியைத்தான் சொல்கிறாள், மறு பாதி தானாக வரும் என்று நம்பினேன். சொன்னால் சொன்னபடி செய்கிறவர்கள் உலகத்தில் உண்டு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது, அப்பு.

நீ சென்னைக்குப் போய் நேர்முகம் முடித்து வந்தாய். என்ன கேட்டார்கள் என்று அப்பா கேட்டதும் உற்சாகமாகச் சொன்னாய். ஒரு குடோனில் இருக்கும் சரக்கு சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பாய் என்று கேட்டார்களாம். நீ நம் தோப்பை உதாரணமாகச் சொன்னாயாம். காய் பறித்தவர் சொல்லும் எண்ணிக்கையைக் கேட்பேன், தோட்டக்காரர் சொல்வதையும் கேட்பேன், பிறகு நடுவில் இருக்கிற ஒரு குவியலை நானே எண்ணுவேன், எண்ணும்போது தோட்டக்காரர் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று. "தோட்டக்காரர் யாருன்னு கேட்டாங்க, எங்கப்பான்னேன், சிரிச்சுட்டாங்க" என்று நீ சொன்னதும் உன் அப்பா, "ஏலே, என்னையவே வெளிய நிறுத்திட்டியா" என்றார். அன்றைக்கு நம் வீட்டில் இருந்த சந்தோஷத்தில் எனக்கு வசந்தியின் நினைவே இல்லை. ராத்திரி படுக்கும்போதுதான் நினைத்துப் பார்த்தேன்; கேள்வி கேட்டவர்கள் எல்லாரும் ஆண்கள் என்று நீ சொன்னதால், அவள் அந்த அறையில் இல்லை என்று தெரிந்தது. விலகிக்கொண்டுவிட்டாள் போல, ஆனாலும் உள்ளே ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கு நாள் கழித்து அந்த மெயில் வந்தது. நீ கொடுத்த படிவமும் எங்களுக்குக் கிடைத்த தகவலும் ஒத்துப்போகவில்லை, இரண்டு நாளில் விளக்கம் எழுது என்று. மத்தியானச் சாப்பாட்டின்போது நீ அதைப் படித்துக் காட்டினாய். உனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சோற்றில் கை வைத்தபடியே கூடப் படித்தவர்களுக்குப் போன் போட்டாய். அப்பா பெயரில் எழுத்துப் பிழையா, மார்க் தப்பாகப் போட்டுவிட்டேனா என்று உன் படிவத்தை நீயே நாலு தடவை சரிபார்த்தாய். என்ன என்று எனக்குத் தெரியும். நான் ரசம் ஊற்றினேன். பிறகு வத்தலைத் திருப்பிப் போட்டுவிட்டு வருகிறேன் என்று மொட்டை மாடிக்குப் போனேன்.

இதுவரை உள்ளது உனக்குத் தெரியும். மாடியில் நடந்தது தெரியாது.

மாடியில் இருந்து வசந்திக்கு மறுபடி போன் போட்டேன். அவள் எடுக்கவில்லை. வாட்ஸப்பில் குரல் பதிவு செய்து அனுப்பினேன். "வசந்தி, டீச்சர் பேசுறேன். நான் இண்டர்வியூ பத்தி உங்கிட்ட பேசவே இல்லைன்னு சொல்லிரும்மா. சும்மா சௌகரியம் விசாரிச்சேன்னு சொல்லிரு. நான் உனக்கு ஆட்டுக் கயித்தப் பிடிச்சவ. எனக்கு இத ஒண்ணு செய்யி." இதுதான் நான் சொன்னது. ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. வத்தலுக்கு நடுவில் உட்கார்ந்து அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்டதற்கான அடையாளம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் என் குரலை நானே போட்டுக் கேட்டேன். எனக்கே அடையாளம் தெரியவில்லை. அழித்துவிட்டேன். அதற்குப் பிறகும் உடனே இறங்கி வரவில்லை. வெயில் தாழ்ந்த பிறகுதான் வந்து உன்னிடம் முதல் போனைப் பற்றிச் சொன்னேன். நீ அரை நாள் உன்மேலேயே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாய். அந்த அரை நாளுக்கு மட்டும் நான் உன்னிடம் தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டும்.

நீ கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "எப்பம்மா பண்ண?" என்றாய். நாள் சொன்னேன். "என்ன சொன்ன, அப்படியே சொல்லு" என்றாய். சொன்னேன். "எத்தன தடவம்மா?" என்றாய். ஒரு தடவைதான் என்றேன். "வேற எதுவும் அனுப்பலயே?" என்றும் கேட்டாய். இல்லை என்றேன். உன் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன்.

உன் அப்பா தோப்பிலிருந்து வந்து தூணில் சாய்ந்தபடி விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். "இத்தன வருசம் பிட்டு அடிக்கிற பிள்ளைகளப் பிடிச்ச டீச்சரம்மா. இன்னைக்கு நீயே பிட்டு கொண்டு போயிருக்க" என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. உங்கள் மேல் காட்ட முடியாததை வசந்தி மேல் காட்டினேன். நன்றி கெட்டவள், ஆட்டுச் சந்தையிலிருந்து கூட்டி வந்தேனே என்று என்னென்னவோ பேசினேன். அப்போது நீ சொன்னாய், "அம்மா, அதுக்கு அவங்க படிச்சாங்கல்ல, அதோட முடிஞ்சு போச்சு." அவ்வளவுதான் சொன்னாய். அன்றைக்கு அது எனக்குச் சுட்டது. நான் கயிற்றைப் பிடித்தது அவள் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான். என்றைக்காவது திருப்பிக் கேட்பதற்காக இல்லை. எப்போது அது மாறியது என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை நீ பதில் எழுதினாய். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். படிவம் நிரப்பும்போது அங்கே யாரும் இருப்பது எங்களுக்குத் தெரியாது, பிறகு என் அம்மாவுக்குத் தெரியவந்தது, அவர் தன் பழைய மாணவியை அழைத்து எனக்காகப் பேசினார் என்று எழுதினாய். அடுத்து, தெரிந்த பிறகும் என் அம்மா அதை என்னிடம் சொல்லவில்லை என்று எழுதினாய்.

"அந்த வரிய எடுத்துரு அப்பு. பாக்குறவங்க என்னப் பத்தி என்ன நெனப்பாங்க?"

"எடுத்தா, தெரிஞ்சே நான் மறைச்சேன்னு ஆகும்மா."

"கொஞ்சம் பதமாவாச்சும் எழுதேன்."

"இதுக்கு மேல பதமா எழுதத் தெரியல. நீ டீச்சர்தான, நீ சொல்லு."

எனக்கும் தெரியவில்லை. அந்த வரிக்காக நான் உன்னோடு கால் மணி நேரம் சண்டை போட்டேன். சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே நீ அடுத்த வரியை எழுதிவிட்டாய். அவர் அழைத்தது ஒரே ஒரு முறை, வேறு எந்தத் தொடர்பும் நடக்கவில்லை என்று. உண்மையான வரியை எடுக்கச் சொல்லிப் போராடிய நான், பொய்யான வரியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். நீ அனுப்பிவிட்டாய்.

பதினோரு நாள் பதில் இல்லை. உள்ளூர் ஆடிட்டர் இரண்டு தடவை ஆள் விட்டுக் கேட்டார். நீ பொறுமையாக இருந்தாய். எனக்கு ஒரே ஒரு கட்டளை போட்டாய், "முடியிற வரைக்கும் நீ யாருக்கும் போன் போடக் கூடாதும்மா." போடவில்லை. பிறகு வேறு ஊரில் இருக்கும் வேறு ஆட்கள் வீடியோவில் உன்னை மறுபடி விசாரித்தார்கள். இந்தத் தடவை கதவைச் சாத்திக்கொண்டு பேசினாய். வெளியே வந்து சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னாய். உங்கள் அம்மா ஒரு முறைதான் பேசினார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்களாம். "கேட்டேன், சொன்னாங்க. எங்கம்மா எங்கிட்ட பொய் சொல்ல மாட்டாங்க. அதுக்கு மேல ஆதாரம் இல்ல" என்றாயாம். "ஆடிட்டர் ஆகப் போறவன் சொல்ற பதிலா இதுன்னு சிரிச்சாங்கம்மா" என்று நீயும் சிரித்தாய். நான் மோர் எடுக்க உள்ளே போனேன். திரும்பி வர எனக்கு நேரமானது. நீ கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் உன்னை எடுத்துக்கொண்டதாகக் கடிதம் வந்தது. உன் அப்பா தெருவுக்கே பால்கோவா கொடுத்தார். அன்று சாயங்காலம் வசந்தியே என்னைக் கூப்பிட்டாள். எல்லாம் முடிந்த பிறகுதான் கூப்பிட வேண்டும் என்று காத்திருந்தாளாம். "என் மேல கோவமா டீச்சர்?" என்றாள். "நீங்க என்ன கேட்டாலும் செய்வேன் டீச்சர். இதப் போய்க் கேட்டுட்டீங்களேன்னு அன்னைக்கு முழுக்க எனக்கு வேலயே ஓடல." நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். போனை வைக்கும்போது கேட்டாள், "அன்னைக்கு மத்தியானம் ஏதோ அனுப்பி அழிச்சிருந்தீங்களே டீச்சர், என்ன அது?" மன்னிப்புக் கேட்டு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கை பட்டுப் போயிருச்சும்மா என்றேன். "செரிங்க டீச்சர்" என்றாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

அப்பு, அங்கே போனதும் நீ செய்யப்போகிற வேலையே இதுதான். ஒருவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, அது அப்படித்தானா என்று பார்ப்பது. உனக்கு நல்லது சொல்கிறேன் என்று நான் வழக்கமாகச் சொல்வதெல்லாம் சின்ன விஷயங்கள். காலையில் சாப்பிடாமல் போகாதே. தெரியாததைத் தெரியாது என்று முதல் நாளே சொல்லிவிடு, மூன்றாவது நாள் சொல்வது கஷ்டம். பெரிய ஊர்ப் பிள்ளைகள் வேகமாக இங்கிலீஷ் பேசினால் மலைத்துப்போகாதே, அவர்களில் பாதிப் பேர் உன்னைப் பார்த்துப் பயந்துகொண்டுதான் பேசுவார்கள். பெரிய விஷயத்தில் உனக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் மீதமில்லை. அதை நீ எனக்கு முன்னால் உட்கார்ந்து எழுதியதை நான் பார்த்தேன்.

இதை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அந்தக் குரல் பதிவு இப்போது எங்கேயும் இல்லை. சொல்லாமல் விட்டால் உன் வேலைக்கு ஒன்றும் ஆகாது, சொன்னால் ஆகலாம், அதுவும் தெரியும். ஒரு மாதமாக இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தேன். எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்க என்று நீ சொன்னதை மட்டும் தாண்டிப் போக முடியவில்லை. வசந்தியிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவள் ஆபீஸில் சொல்லியாக வேண்டும், பிறகு தீர்மானம் உன் கையில் இருக்காது. முதலில் தெரிய வேண்டியவன் நீ. உன் அப்பாவிடம் இன்று காலைதான் சொன்னேன். அவர் கிண்டல் பண்ணவில்லை. "அவன்கிட்ட சொல்லிரு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தோப்புக்குப் போய்விட்டார்.

இந்தக் கவருக்குள் இன்னொரு தாள் மடித்து வைத்திருக்கிறேன். மாடியில் நான் செய்ததை நாள், நேரம், சொன்ன வார்த்தை எல்லாம் போட்டு எழுதி, கீழே என் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். யாருக்கு என்று மேலே எழுதவில்லை. திங்கட்கிழமை காலையில் அதை நீ அவர்களிடம் கொடுக்கலாம். கிழித்துப் போடலாம். உனக்கு எது சரி என்று ஒரு வரி எழுதத் தொடங்கி அடித்துவிட்டேன். நம் ஊர் ஆடிட்டர் இன்னும் அந்த இடத்தை நிரப்பவில்லை என்று எழுதினேன், அதையும் அடித்துவிட்டேன். அதுவும் உன் முதுகில் கை வைத்துத் தள்ளுவது போலத்தான் இருந்தது. பிறந்ததிலிருந்து உனக்காக எல்லா இடத்திலும் நானே முந்திக்கொண்டு பேசியிருக்கிறேன். இந்த ஓர் இடத்தில் வாயை மூடிக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் போன் பண்ணி, சேர்ந்துவிட்டேன் என்றோ சேரவில்லை என்றோ ஒரு வார்த்தை சொல். அந்தத் தாளை என்ன செய்தாய் என்று கேட்க மாட்டேன்.

அம்மா